வைத்தியத்துக்கு இலக்கியம் எதற்கு? ஓர் எளிய விளக்கம்

இன்ன ராகம் கேட்டால் இரத்த அழுத்தம் இறங்கும், கவிதை எழுதினால் புற்றுநோய் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் படிக்காதவர் யாழ்ப்பாணத்தில் அரிது. மறுபக்கத்தில், "டொக்டருக்கு எதற்குக் கதையும் கவிதையும்? நல்ல மருந்து தந்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமும் இலக்கியமும் என்று பேச்செடுத்தால் அது பெரும்பாலும் இந்த இரண்டு கரைகளில் ஒன்றில் போய் ஒதுங்கிவிடுகிறது. இரு தரப்பாரும் கலையை ஒருவகைக் குளிசையாக எண்ணிவிடுகிறார்கள். ஒரு தரப்பு அதை விழுங்கச் சொல்கிறது, மற்றத் தரப்பு அது வேலை செய்யாது என்று வீசிவிடுகிறது.

கதையும் ஓவியமும் நாடகமும் மருந்தின் இடத்துக்கு வருவதில்லை. வருத்தக்காரர் சொல்வதைக் கேட்கவும், சொல்லாமல் விட்டதைக் கவனிக்கவும், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கண்டுகொள்ளவும் அவை நம்மைப் பழக்குகின்றன. அந்தப் பழக்கம் எப்படி வருகிறது, அது வைத்தியத்துக்கு ஏன் வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு. மருத்துவம் படித்திருக்க வேண்டிய தேவையில்லை.

## கயிறு சொல்வதும் நாக்கு சொல்வதும்

கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்பதைக் கயிற்றை விட்டுப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அது நன்னீரா உவரா என்பதைக் கயிறு சொல்லாது, ஒரு மிடறு குடித்துத்தான் பார்க்க வேண்டும். தீவுப்பகுதியில் காணி வாங்கப் போகிறவர் இரண்டையும் கேட்பார். ஆழம் அளந்தவர் சொன்னதும் உண்மை, குடித்துப் பார்த்தவர் சொன்னதும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்க முடியாது, அவ்வளவுதான்.

வருத்தம் வந்தவரைப் பற்றியும் இப்படி இரண்டு வகை அறிவு உண்டு. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் ஸ்கானும் உடலில் எங்கே என்ன பழுது என்று அளந்து சொல்கின்றன. அந்தப் பழுதோடு அவர் நாளை எப்படிக் கழிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை மறைக்கிறார் என்பது வேறு சங்கதி. அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இந்தக் கட்டுரையில் முதலாவதை 'நோய்' என்றும், இரண்டாவதை, வீட்டில் சொல்வதுபோலவே, 'வருத்தம்' என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரே நோய் இருவருக்கு வரலாம், ஆனால் அவர்களுடைய வருத்தம் ஒன்றாக இராது. விரல்கள் மரத்துப்போவது ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போடும்போது மட்டும் நினைவுக்கு வரும் இடைஞ்சல். தவில் வித்துவான் ஒருவருக்கு அதே மரமரப்பு, அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி.

## ஒரு கிளினிக் கொப்பி

வடமராட்சியிலிருந்து பஸ் ஏறி நகரத்துக்குக் கிளினிக் வரும் 65 வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பழைய கலண்டர் தாளால் அட்டை போட்ட கொப்பி. உள்ளே சீனியின் அளவு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டு போகிறது: 168, 190, 224.

"குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா அம்மா?"

"ஓம் டொக்டர்."

"இனிப்பு?"

"தொடுவதே இல்லை."

குளிசையின் அளவு கூட்டப்படுகிறது. அடுத்த இலக்கம் கூப்பிடப்படுகிறது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பாரிசவாதம் வந்த கணவர் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். காலையில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கி முடிக்கும்போது பத்து மணி தாண்டிவிடும். அவர் குடிக்காமல் மிச்சம் விட்ட சீனி போட்ட கஞ்சியையும் தேநீரில் தோய்த்த ரஸ்க்கையும் கொட்ட மனமில்லாமல் தானே சாப்பிட்டுவிடுகிறார். அதைச் சாப்பாடு என்று அவர் கணக்கில் வைப்பதில்லை. குளிசை சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியது. எந்தச் சாப்பாட்டுக்கு முன்? படுக்கைப்புண் வந்துவிடும் என்ற பயத்தில் இரவிலும் இரண்டு முறை எழும்புகிறார்.

கொப்பியில் இருப்பது நோய், வீட்டில் இருப்பது வருத்தம். வீட்டில் நடப்பது தெரியாமல் கொப்பியைத் திருத்தப் போனால் ஆபத்தும் இருக்கிறது. சில வகைக் குளிசைகளின் அளவைக் கூட்டினால், சாப்பிடாமல் இருக்கும் காலைப்பொழுதில் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். "விடிந்ததிலிருந்து உங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது, சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் வெளியே வந்திருக்கும். இதை வெறும் இரக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரத்தப் பரிசோதனையைப் போல இதுவும் சிகிச்சையை முடிவு செய்யும் தகவல்.

இதுவரை பார்த்தது இதுதான். நோயை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. வருத்தத்தை அறிய அவர் தன் கதையைச் சொல்ல வேண்டும், ஒருவர் அதைக் கேட்கவும் வேண்டும். சொல்வதும் கேட்பதும் தானாக வருபவை அல்ல. இலக்கியம் உள்ளே வருவது இந்த இடத்தில்.

## வலிக்குச் சொல் தேடிய பதிகம்

வலியைச் சொல்வது கடினம். "நோகிறது" என்பதற்கு மேல் நம்மில் பலருக்கு வார்த்தை வருவதில்லை. நம் வீடுகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஒரு தேவாரத்தை இந்தக் கோணத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்துத் திருவதிகையில் பாடிய முதற் பதிகத்தின் முதற் பாட்டு, "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று தொடங்குவது. அதில் இந்த வரி வருகிறது:

"தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்"

நோவு வெளியே தோன்றவில்லை. வயிற்றின் உட்புறத்தில் இருக்கிறது. குடலோடு சேர்த்துக் கட்டி, இழுத்து, முடக்குகிறது. தாங்க முடியவில்லை. எங்கே நோகிறது, எப்படி நோகிறது, எவ்வளவு நோகிறது என்று ஒரு மருத்துவ மாணவர் கேட்கக் கற்றுக்கொள்ளும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் பதில் இருக்கிறது. நான்காவதாக எந்தப் படிவத்திலும் இடமில்லாத ஒன்றும் இருக்கிறது: இது வெளியே தெரியாத வலி, ஆகவே பக்கத்தில் இருப்பவர் நம்பமாட்டார் என்ற தவிப்பு. நாட்பட்ட வயிற்று வலியோடு கிளினிக் கிளினிக்காக அலைந்து, "ஸ்கானில் ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு 'தோற்றாது' என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பாட்டின் பக்தியை நான் குறைக்கவில்லை. அந்தப் பக்தி தொடங்கும் இடம் ஒரு வயிறு என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். "நம் முன்னோர் செகராசசேகரம், பரராசசேகரம் என்று வைத்தியத்தையே பாட்டில் எழுதினார்கள், இது நமக்குப் புதிதா?" என்பார்கள். யாழ்ப்பாண அரசர் காலத்து அந்த நூல்கள் பெருமைக்குரியவைதாம். ஆனால் மருந்தையும் நோய்க்குறியையும் பாட்டாக்கியது மனனம் செய்ய வசதியாக. வருத்தக்காரரின் குரலைக் கேட்பது வேறு வேலை. அதற்கு நெருங்கி வருவது குறளின் மருந்து அதிகாரம். "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்" என்கிறார் வள்ளுவர். நோயின் அளவு இரண்டாவதாக வருகிறது. நோய் உற்றவனின் அளவு அதற்கும் முன்னால் நிற்கிறது.

## கேட்கப் பழகுவது எப்படி?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷரொன் என்ற மருத்துவர் பொது மருத்துவத்தோடு ஆங்கில இலக்கியத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வருத்தக்காரரின் கதையைக் கூர்ந்து கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, அதற்கேற்ப வைத்தியம் செய்யும் திறனை அவர் ஒரு பயிற்சி முறையாக வகுத்து, 2001-இல் மருத்துவ ஏடு ஒன்றில் விரிவாக எழுதினார். அதை நாம் 'கதைவழி மருத்துவம்' என்று அழைக்கலாம். கதை சொல்லிக் குணமாக்குவது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மருந்து, சத்திரசிகிச்சை எதுவும் இதில் மாறுவதில்லை, அவற்றை முடிவு செய்பவரின் காது மாறுகிறது.

பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு சிறுகதையை மாணவர்கள் கூடிப் படிக்கிறார்கள். யார் இதைச் சொல்கிறார், எதை விட்டுவிட்டார், காலம் எங்கே தாண்டுகிறது, இந்த இடத்தில் ஏன் பேச்சு மாறியது என்று துருவுகிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு நோயாளி, "மே மாதம் வரை நன்றாகத்தான் இருந்தேன், பிறகு மகளின் பிரச்சினை... அதை விடுங்கள், இப்போது முழங்கால்தான்" என்று சொல்லும்போது, அந்த 'அதை விடுங்கள்' காதில் தட்டுகிறது. கதையில் இப்படியான இடங்களில் நிற்கப் பழகியவர் இங்கேயும் நிற்பார்.

அடுத்தது எழுதுவது. 1993 அளவில் ஷரொன் தன் மாணவர்களுக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வைத்தியசாலைப் பதிவேட்டில் எழுதக்கூடாதவை, ஆனால் எங்காவது எழுதப்பட்டே ஆக வேண்டியவை ஆகியவற்றை அவர்கள் வேறு ஒரு பதிவில் சாதாரண மொழியில் எழுத வேண்டும். இதை 'இணைப் பதிவு' என்று சொல்லலாம். 'இந்தத் தாத்தாவைப் பார்த்தால் போன வருடம் இறந்த என் தாத்தா நினைவுக்கு வருகிறார், அதனால் அந்தக் கட்டிலுக்குப் போகவே தயங்குகிறேன்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பிறகுதான் தான் தயங்குவதே அவளுக்குத் தெரியவரும். தெரிந்த பிறகு கட்டிலடிக்குப் போக முடிகிறது. கவனிப்பது, கவனித்ததை எழுதிப் பார்ப்பது, அதன் வழியாக அந்த மனிதரோடு சேர்ந்து நிற்பது: ஷரொன் சொல்லும் மூன்று படிகளும் இவைதாம்.

"ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் டொக்டருக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து 1984-இல் வெளியான ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் இடைமறித்திருந்தார். 1999-இல் வெளியான இன்னோர் ஆய்வு, இடைமறிக்காமல் பேசவிட்டால் ஆகும் மேலதிக நேரத்தையும் கணக்கிட்டது. சராசரியாக 6 வினாடிகள்! அவை அமெரிக்கக் கணக்குகள், நம்முடைய கிளினிக்கின் நெரிசல் வேறு. ஆனாலும் கதை கேட்க மணிக்கணக்காகும் என்ற பயம் பெரும்பாலும் வெறும் பயம்தான்.

சுருக்கமாகச் சொன்னால், நல்ல கதையைப் படிக்கும்போது பழகும் கவனம் மனிதரைக் கேட்கும்போதும் உதவுகிறது. இந்தத் துறையின் அடிப்படை இவ்வளவுதான்.

## காலைத் தூக்கிப் பிடித்த பையன்

பராமரிப்பைப் பற்றி நான் படித்தவற்றில் மிகக் கூர்மையானது தோல்ஸ்தோய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்'. இவான் ஒரு நீதிபதி. திரைச்சீலை மாட்ட ஏணியில் ஏறியவர் வழுக்கி, விலாவில் அடிபடுகிறார். சிறிய நோவு பெரிதாகிறது. மருத்துவர்கள் அது சிறுநீரகமா குடல்வாலா என்று தர்க்கிக்கிறார்கள். நான் பிழைப்பேனா என்ற அவருடைய ஒரே கேள்விக்கு எவரும் பதில் சொல்வதில்லை. தான் நீதிமன்றத்தில் குற்றவாளிகளை நடத்திய அதே தோரணையில் மருத்துவர் தன்னை நடத்துவதை இவான் கண்டுகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மேசையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது ஒரு நாளில் மாறிவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வீட்டில் எல்லோரும், "ஒன்றுமில்லை, சுகமாகிவிடும்" என்று சொல்கிறார்கள். அந்தப் பொய் நோவைவிட அதிகமாக அவரை வதைக்கிறது. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் அந்தப் பொய்யில் சேர்வதில்லை. மலசலத்தை அருவருப்பில்லாமல் அப்புறப்படுத்துகிறான். கால்களை உயர்த்தி வைத்தால் நோவு தணிகிறது என்று இவான் சொல்ல, அவற்றைத் தன் தோளில் தாங்கி இரவில் நெடுநேரம் இருக்கிறான். நாம் எல்லோரும் ஒரு நாள் சாகத்தானே போகிறோம், இந்தச் சிரமத்தைப் பட்டால் என்ன என்பது அவனுடைய நியாயம்.

"உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து" என்று குறள் சொல்லும் நால்வரில் கடைசியாக வரும் 'உழைச்செல்வான்' இந்தக் கெராசிம்தான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடும் அவரையும் சேர்த்துத்தான் மருந்து என்கிறார் வள்ளுவர். நம்முடைய கிளினிக் கொப்பிகளில் இந்த நான்காமவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இந்த நான்காமவர் யார் என்பது கடந்த 40 ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். காசு வருகிறது, வீடியோ அழைப்பு வருகிறது. முதுகைத் தேய்த்துவிடும் கை, சம்பளத்துக்கு வரும் ஒரு பெண்ணுடையதாகவோ, தானும் மூப்பில் தளர்ந்த மனைவியுடையதாகவோ இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய 'எந்தையும் தாயும்' நாடகம் இப்படித் தனித்து விடப்பட்ட பெற்றோரை மேடைக்குக் கொண்டுவந்தது. புள்ளிவிவரம் எத்தனை முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று சொல்லும். பின்னேரம் அவர்கள் யாருடைய வரவுக்காகப் படலையைப் பார்க்கிறார்கள் என்று நாடகம்தான் காட்டும்.

வருத்தம் பார்க்கப் போகும் நம் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பை தோடம்பழமும் ஒரு போத்தல் ஹோர்லிக்ஸும் கொண்டுபோகிறோம். போன பத்து நிமிடத்துக்குள், இதே வருத்தம் வந்து மோசம்போன ஒருவரின் கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு எழும்புகிறோம். கதை எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டிலில் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம்.

## ஓவியத்தை உற்றுப் பார்த்தால்

ஓவியத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஓர் உதாரணம் போதும். லூக் ஃபைல்ட்ஸ் 1891-இல் தீட்டிய 'மருத்துவர்' லண்டனின் டேட் கலைக்கூடத்துக்குரியது. ஏழைக் குடிசை, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்த குழந்தை, தாடையைக் கையில் தாங்கி அதையே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர். பலர் இவ்வளவோடு நகர்ந்துவிடுவார்கள். பின்னாலிருக்கும் இருட்டைப் பாருங்கள். தாய் மேசையில் முகம் கவிழ்ந்திருக்கிறாள், தந்தையின் கை அவள் தோளில், அவனுடைய கண் மருத்துவரின் முகத்தில். ஃபைல்ட்ஸ் 1877-இல் தன் மகனைப் பறிகொடுத்தவர். அந்த இருட்டு மூலையை அவர் வெளியிலிருந்து பார்த்து வரையவில்லை.

இப்படி உற்றுப் பார்க்கும் பழக்கம் நோயறியவும் உதவுகிறதா என்று யேல் பல்கலைக்கழகத்தின் தோல்நோய் மருத்துவர் இர்வின் பிரேவர்மனும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். ஓவியங்களை விவரிக்கப் பயின்ற மருத்துவ மாணவர்கள், பயிலாதவர்களைவிட, நோயாளிகளின் படங்களில் கூடுதலான விவரங்களைக் கண்டுபிடித்தார்கள் என்று அவர்கள் 2001-இல் அறிக்கையிட்டார்கள்.

## உடம்பு நோவாக வரும் துயரம்

போர்க் காலத்திலும் அதன் பின்னும் யாழ்ப்பாணத்தில் மனத்தின் காயம் பலருக்கு உடம்பு வழியாகவே வெளிப்பட்டது. நெஞ்சடைப்பு, தலையிடி, உடம்பெல்லாம் நோ என்று வருவார்கள், பரிசோதனையில் எதுவும் பிடிபடாது. இங்கே நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தன் நூல்களில் விரிவாகப் பதிந்திருக்கிறார். சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' நாடகமும் போரின் இந்த உள்காயங்களைத்தான் பேசுகிறது.

நாடகம் இங்கே என்ன செய்கிறது? "உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று நேரே கேட்டால் வாய் மூடிக்கொள்ளும் ஒருவர், மேடையில் வேறொருவர் நித்திரையில்லாமல் அலைவதைப் பார்க்கிறார். அது தன்னுடைய கதை என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் நெஞ்சு நோவுக்கும் காணாமற்போன மகனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் விழுந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சொல் பேசவும் கூடும். அந்தக் காயத்துக்குச் சிகிச்சை பிறகுதான் தொடங்க வேண்டும்.

## இலக்கியமும் பழி சுமத்தும்

கலை எப்போதும் வருத்தக்காரரின் பக்கம் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எழுத்தாளர் சூசன் சொன்டாக் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் 1978-இல் வெளியிட்ட நூல், நோயை உருவகமாக்குவதன் தீங்கைப் பற்றியது. காசநோய் ஒரு காலத்தில் மென்மையான மனத்தின் நோயாகவும், புற்றுநோய் உணர்ச்சியை அடக்கிவைத்தவரின் நோயாகவும் எழுதப்பட்டன. "புற்றுநோயோடு போராடி வென்றார்" என்ற பாராட்டு நம் பத்திரிகைகளிலும் வருகிறது. அப்படியானால் இறந்தவர் சரியாகப் போராடவில்லையா?

மேலே பார்த்த பதிகத்திலும் "கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்று ஒரு வரி உண்டு. நோய் தன் வினையின் பயன் என்று நாவுக்கரசர் தன்னைத்தான் கேட்டுக்கொள்கிறார். அது அவருடைய உரிமை. அதே வரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் உறவினர் கையில் எடுத்தால், "என்ன பாவம் செய்தாளோ" என்று ஆகிவிடுகிறது.

எழுதினால் நோய் தீரும் என்பதற்கும் எல்லை உண்டு. மனத்தை உலுக்கிய அனுபவங்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்னர் சுகாதார நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள் என்று 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வு சொன்னது. பின்வந்த பல ஆய்வுகள் அந்தப் பயன் சிறியது, எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை என்று காட்டின. ஆகவே எழுதுங்கள், பாடுங்கள், ஆனால் இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

## வீட்டில் தொடங்குவதானால்

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர் கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி வைத்திருக்கலாம். நீளமாக எழுதத் தேவையில்லை. இன்று அவர் எதைச் சாப்பிட மறுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார், எந்தப் பேச்சைப் பாதியில் விட்டார். அதற்குக் கீழே உங்களைப் பற்றியும் ஒரு வரி: எப்போது சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நித்திரை. இரண்டு வாரம் எழுதினால் உங்களுக்கே தெரியாத ஒழுங்கு ஒன்று தெரியவரும். இரவு அமைதியின்மை எந்தக் குளிசைக்குப் பிறகு வருகிறது என்பதுபோல.

அதை முழுதாக டொக்டரிடம் நீட்ட வேண்டாம், அவருக்குப் படிக்க நேரம் இராது. கிளினிக்குக்கு முதல் நாள் இரவு அதிலிருந்து மூன்று வரிகளை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் கூப்பிட்டு உள்ளே போனதும், "எப்படி இருக்கிறார்?" என்று அவர் கேட்கும்போது, "பரவாயில்லை" என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் துண்டைப் பார்த்து வாசித்துவிடுங்கள்.